நான் தேய்த்துக் கெடுத்த முதல் பரீட்சை

கிரைண்டர் இரும்பில் பட்டதும் ஓர் அலறல் வரும். அந்த அலறலுக்கு மேலே ஒரு மனிதக் குரல் கேட்டது.

"நிறுத்து! ஏம்மா, நிறுத்தும்மா!"

நான் நிறுத்தவில்லை. கிரைண்டர் ஓடும்போது யாராவது கத்தினால் வேறு யாரையோ பார்த்துக் கத்துகிறார்கள் என்றுதான் நினைப்பேன். பட்டறையில் பழகிய காது அது. யாரோ போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார்கள். சக்கரம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

நிமிர்ந்தால் எதிரே இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை, வெல்டிங் இன்ஸ்பெக்டர். அரைக்கைச் சட்டை, பையில் சின்ன டார்ச், கையில் பேப்பர் செருகிய அட்டை. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இரும்புத் தகடுகளை நான் ஒட்டியிருந்த அந்தக் கோட்டில் பாதி தூரத்துக்கு வெல்டு தெரியவில்லை. தேய்த்துவிட்டிருந்தேன். புது எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது.

"யாரும்மா உன்னைத் தேய்க்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"காலைல படிச்சேனே, காதுல விழலையா?"

விழுந்தது. உள் அடுக்குகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம், மேலே போடுகிற கடைசி அடுக்கில் கிரைண்டர் வைக்கக் கூடாது, வைத்தால் தட்டு தள்ளுபடி. நன்றாகவே காதில் விழுந்தது. கைக்குத்தான் போய்ச் சேரவில்லை.

பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, பெயின்ட் எடுத்தாரட்டா? இன்னா கலர் ஓணும்?"

பரீட்சைக்கு வந்திருந்தவர்கள் பத்துப் பேர். என்னைத் தவிர ஒன்பது பேரும் ஆண்கள். ஒன்பது பேரும் சிரித்தார்கள்.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை அது. சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அந்தத் தட்டு பாஸானால் எனக்குக் கம்பெனியில் வெல்டர் வேலை. ஃபெயிலானால் திங்கட்கிழமை நான் பி.எட். சேர வேண்டும். அம்மாவுக்கும் எனக்கும் அப்படித்தான் பேச்சு.

கடிதம் எழுதுகிறவர்களுக்கு

இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து ஒரே கேள்வியைப் பல பேர் எழுதிக் கேட்கிறார்கள். வெல்டர் ஆவது எப்படி?

சிலர் தங்களுக்காகக் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லலாம். சிலர், "படிப்பு வராத என் மகனை இதில் சேர்க்கலாமா" என்று கேட்கிறார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. படிப்பு வராதவன் போய் விழுகிற குப்பைத்தொட்டியா இது? நாலு மாடி உயரத்தில் நீங்கள் பிடித்துக்கொண்டு நிற்கிற கைப்பிடியை ஒருத்தர் ஒட்டியிருக்கிறார். அவருக்குப் படிப்பு வராவிட்டால் பரவாயில்லையா உங்களுக்கு?

ஒரே ஒருவர்தான், "என் மகளுக்கு ஆசை, எனக்குப் பயம்" என்று எழுதியிருந்தார். இந்த வாரம் எழுதுவது அவருக்காக.

எப்படி ஆவது என்று பொதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் எப்படி ஆனேன் என்று சொல்லத் தெரியும். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் மணல்

எங்கள் வீடு சாந்தோமில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், கடற்காற்று இரும்பைத் தின்னும். பால்கனி கிரில்லுக்கு எத்தனை பெயின்ட் அடித்தாலும் இரண்டு மழைக்காலம் தாங்காது. முதலில் அடியில் கொப்புளம் போடும். பிறகு பிஸ்கட் மாதிரி உதிரும்.

சுனாமி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நான் பி.எஸ்சி. கணக்கை எப்படியோ தட்டுத் தடுமாறி முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா ஃபிலோமினா கணக்கு டீச்சர். கணக்கு டீச்சர் மகள் கணக்கு படித்து கணக்கு டீச்சர் ஆக வேண்டும். எங்கள் சர்ச் பங்கில் பாதி வீடுகளில் இப்படித்தான். பிறக்கும்போதே கையில் சாக்பீஸ் இருக்கிற மாதிரி நினைப்பு.

பால்கனி கிரில் ஒருநாள் கையோடு வந்துவிட்டது. ஆதம்பாக்கத்திலிருந்து செல்வம் என்று ஒருவர் வெல்டிங் மெஷினை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். கிரில் பட்டறை வைத்திருப்பவர். நாற்பது வயது இருக்கும். பெரிய தொப்பை, சின்னக் கால்கள்.

"பாக்காத மா, கண்ணு பூடும்" என்று ஒருதரம் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை. நான் பார்த்தேன்.

அந்த வெளிச்சத்தைப் பற்றி அழகாக எழுத எனக்கு வராது. நீலம். நடுவில் வெள்ளை. அதற்குள் இரும்பு தண்ணீர் மாதிரி ஆடியது. இரண்டாக இருந்த கம்பி அவர் கையை எடுக்கும்போது ஒன்றாக இருந்தது. மூன்று வருஷம் கணக்கு படித்து நான் ஒன்றையும் ஒன்றாக்கியதில்லை.

சாயங்காலம் கண்ணில் யாரோ மெரினா மணலை அள்ளிக் கொட்டியது போல இருந்தது. திறந்தால் எரிச்சல், மூடினால் உறுத்தல். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து உருளைக்கிழங்கை நறுக்கிக் கொண்டுவந்து கண்மேல் வைத்தார்கள். எதிர்வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், தாய்ப்பால் விட்டால் உடனே சரியாகும் என்றார் ஒருவர். அம்மா எல்லோரையும் துரத்தினாள்.

கச்சேரி ரோட்டில் கண் டாக்டர் திட்டினார். உருளைக்கிழங்கும் வேண்டாம், பாலும் வேண்டாம், மருந்தை விட்டுக்கொண்டு இருட்டு அறையில் படு என்றார். இரண்டு நாள் படுத்தேன்.

மூன்றாம் நாள் அம்மாவிடம் சொன்னேன். "நான் வெல்டிங் படிக்கப் போறேன்."

"கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. "மூளையுமா?"

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. இப்போது மயிலாப்பூர் பக்கம் பூமிக்கடியில் ரயிலுக்காகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். தகரத் தடுப்புக்கு மேலே நீல வெளிச்சம் அடித்தால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பஸ் தாண்டிப் போய்விடும், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அங்கேயே நின்று பார்த்தால் ஆகும். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அறைய வேண்டும் போல இருக்கிறது.

அந்தப் பக்கம் தையல்

அரசாங்க ஐ.டி.ஐ.யில் விண்ணப்பம் வாங்கப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்த்ததுமே, "டெய்லரிங் அந்தப் பக்கம்மா" என்று கையைக் காட்டினார்.

"வெல்டிங்."

"யாருக்கு?"

"எனக்கு."

என் சர்டிபிகேட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "டிகிரி முடிச்சிட்டு வெல்டிங்கா? ஏம்மா, லவ் ஃபெயிலியரா?"

"ஃபாரம் குடுங்க சார்" என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஃபாரம் வந்தது.

ஒரு வருஷம். என்னோடு படித்தவர்கள் எல்லோரும் என்னைவிட நாலைந்து வயது சின்னவர்கள், "அக்கா அக்கா" என்பார்கள். வாத்தியார் என்று ஒருவர் இருந்தார். காலையில் வந்து பலகையில் படம் போடுவார். "பாத்துச் செய்யுங்க" என்பார். டீ குடிக்கப் போவார். அந்த டீ மத்தியானம் வரை முடியாது. அதனால் யாரிடம் கற்றாய் என்று என்னைக் கேட்காதீர்கள். பழைய இரும்புத் துண்டுகளிடம் கற்றேன். நல்லவேளை, அங்கே அவை நிறைய இருந்தன.

முதல் வாரம் முழுக்க ராடு ஒட்டிக்கொண்டது. ராடு என்பது கையில் பிடிக்கிற, மருந்து பூசிய கம்பி. அதுதான் உருகிப்போய் இரண்டு இரும்பையும் சேர்க்கும். இரும்பைத் தொட்டவுடன் லேசாகத் தூக்க வேண்டும், தீக்குச்சி உரசுகிற மாதிரி. தாமதித்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆட்டி ஆட்டிப் பிடுங்க வேண்டும். அதிகமாகத் தூக்கினால் அணைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு அரிசி உயரம் இருக்கிறது. அந்த அரிசி உயரத்தில் கையை நிறுத்தத்தான் மூன்று மாதம்.

சரியாக ஓடுகிறதா என்று முதலில் காதுதான் சொல்லும். தவாவில் மீன் வறுக்கிற சத்தம் வர வேண்டும். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த சத்தம். வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில் மீன்தான். ஒருநாள் மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டது. பட்பட்டென்று வெடிக்காமல், ஒரே சீராக. முடித்துவிட்டுச் சுத்தியலை எடுத்தேன். தட்டுவதற்குள் மேலே உறைந்திருந்த மருந்துக் கசடு தானாகவே சுருண்டு கழன்று விழுந்தது. அடியில் சின்னச் சின்ன மீன் செதில்கள் அடுக்கியது போல வெல்டு.

யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சட்டை, ஷூ, சாக்ஸ்

ஆசையிருக்கிற அந்த மகளுக்கு. பருத்திச் சட்டை போடு, முழுக்கை. துப்பட்டா கூடாது. முடியைத் துணியால் கட்டி உள்ளே செருகு. தோல் ஷூ. பேன்ட்டை ஷூவுக்கு உள்ளே விடாதே, வெளியே விடு. உள்ளே விட்டால் பொறி விழ வழி செய்து கொடுத்த மாதிரி. வெல்டிங் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பொட்டு வெல்டுகூட வைக்காதே. "சின்ன வேலைதானே, கண்ணை மூடிட்டு வை" என்று சொல்கிற முதலாளியிடம் வேலை செய்யாதே.

நான் முதல் நாள் நைலான் சாக்ஸ் போட்டுக்கொண்டு போனேன். நெருப்புத் துளி ஒன்று விழுந்தது. சாக்ஸ் உருகித் தோலோடு போய்விட்டது. இடது பாதத்தில் அந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. அதை அம்மாவிடம் ஆறு மாதம் மறைத்தேன். வீட்டுக்குள் செருப்பு போட்டு நடந்தால் சந்தேகம் வரும் என்று பாவாடையை இறக்கிக் கட்டிக்கொண்டு நடந்தேன். பிறகு அவள் கண்டுபிடித்தாள், நைலான் கதையையும் சேர்த்து.

மறைக்கக் கற்றேன்

ஐ.டி.ஐ. முடித்ததும் கம்பெனிகள் கூப்பிடவில்லை. என்னோடு படித்த பையன்களைக் கூப்பிட்டார்கள். "லேடீஸுக்குத் தனி பாத்ரூம் இல்லை" என்று ஒரு கம்பெனியில் சொன்னார்கள். வேலை கேட்டுப் போனவளுக்குப் பாத்ரூம் பதில்!

எனக்குத் தெரிந்த ஒரே வெல்டர் செல்வம். பஸ் பிடித்து ஆதம்பாக்கம் போனேன்.

"இன்னா மா? கிரில்லு மறுபடி பூச்சா?" என்றார்.

"இல்லண்ணே. வேலை வேணும்."

"யாருக்கு?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் இல்லை. "எனக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். இரண்டு கம்பிகளைத் தூக்கிப் போட்டார். "ஒட்டு, பாக்கலாம்."

ஒட்டினேன். எடுத்து முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தார். தரையில் அடித்தார். "ஸ்ட்ராங்காத்தான் கீது. ஆனா அசிங்கமா கீதே! இத்த எவன் வூட்ல மாட்டுவான்?"

அப்போதுதான் கிரைண்டரைக் கையில் கொடுத்தார். வெல்டை வழவழவென்று தேய்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் மக்குப் பசை வைத்து அடைக்க வேண்டும். அதன்மேல் துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு, அதன்மேல் பெயின்ட். கிரில் வேலையின் சட்டமே அதுதான். செல்வம் அதைச் சொல்கிற விதம் வேறு. "ஒட்டுறவன்லாம் வெல்டர் இல்ல மா. ஒட்டுனதே தெரியாம ஒட்டுறான் பாரு, அவன்தான் வெல்டரு."

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மாடிப்படிக் கைப்பிடி செய்தோம். கடைக்காரர் தெற்கத்திக்காரர், அண்ணாச்சி. வேலை முடிந்ததும் கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை கைப்பிடியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே ஏறினார். துணியைத் தடவிப் பார்த்தே பழகிய கை.

"எங்கன ஒட்டுனீய? கண்டே பிடிக்க முடியலியே!"

செல்வம் என்னைக் காட்டினார். "நம்ம பொண்ணுதான் அண்ணாச்சி."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் காப்பி வரவழைத்தார். அன்று எனக்கு இருந்த பெருமையை வெட்கமில்லாமல் சொல்கிறேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, போகிற வழியில் தெரிந்த கேட்டையெல்லாம் பார்த்து, இது சரியாகத் தேய்க்கவில்லை, அது சரியாகத் தேய்க்கவில்லை என்று மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டே போனேன்.

ஒன்றரை வருஷம் அந்தப் பட்டறை. இன்றைக்கும் எங்காவது ரெட் ஆக்சைடு வாசனை வந்தால் அந்த இடம் அப்படியே வந்துவிடும். தரையெல்லாம் இரும்புத் தூள். மழை வந்தால் அது சிவப்புத் தண்ணீராக வாசலில் ஓடும். எதிர்க்கடை டீயில் இஞ்சி தூக்கலாக இருக்கும். மூன்று மணிக்கு செல்வம் தொப்பையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவார். கிரைண்டர் சத்தத்துக்கு எழுந்திருக்க மாட்டார். கிரைண்டர் நின்றால் எழுந்துவிடுவார். "இன்னா, வேல முட்சாச்சா?"

சந்தோஷமான நாட்கள்தான். ஆனால் கிரில்லில் எனக்கு அலுத்துவிட்டது. மெல்லிசுக் கம்பி, பூ டிசைன், மயில் டிசைன். கனமான இரும்பு ஒட்ட வேண்டும் என்று இருந்தது. அப்போதுதான் ஐ.டி.ஐ.யில் கூடப் படித்த ஒருவன் சொன்னான், பாலத்துக்கு இரும்பு உத்தரம் செய்கிற கம்பெனி ஒன்று ஆள் எடுக்கிறது, பரீட்சை வைத்து எடுக்கிறார்கள், பெண் என்றாலும் தட்டை மட்டும்தான் பார்ப்பார்களாம் என்று.

அதே வாரம்தான் அம்மாவும் சிஸ்டர்கள் நடத்துகிற கல்லூரியில் எனக்கு ஒரு பி.எட். சீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

அம்மா இறால் உரித்துக்கொண்டே பேசினாள். நிமிரவில்லை.

"சனிக்கிழமை உன் டெஸ்ட். பாஸ் பண்ணிட்டா நான் வாயைத் தொறக்க மாட்டேன். ஊரே சிரிச்சாலும் சரி. ஃபெயிலானா திங்கக்கிழமை என்கூட சிஸ்டரைப் பாக்க வரணும். சரியா?"

"சரி."

"அப்புறம் அழக்கூடாது, கத்தக்கூடாது."

"கத்த மாட்டேன்."

பாஸ் ஆகிவிடுவேன் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

மறுபடியும் அந்தக் கொட்டகை

ஆக, கிண்டி. பாதி தேய்ந்த தட்டு. சிரிக்கிற ஒன்பது பேர்.

இத்தனைக்கும் நான் நன்றாக ஒட்டியிருந்தேன். விரற்கடை கனமுள்ள தகடுகள். நிற்கவைத்து, கீழிருந்து மேலே ஒட்ட வேண்டும். உருகின இரும்பு கீழே வழியப் பார்க்கும், வழிய விடாமல் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அடுக்கடுக்காக ஒவ்வொன்றையும் தேய்த்துச் சுத்தம் செய்து ஏற்றினேன். கடைசி அடுக்கு முடிந்தது. கசடு தட்டினேன், பிரஷ் போட்டேன். அதன் பிறகு நான் யோசிக்கவில்லை. கை தானாகப் போய் கிரைண்டரை எடுத்தது. ஒன்றரை வருஷமாக அது செய்கிற வேலையை அது செய்தது.

இன்ஸ்பெக்டர் தட்டின்மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார்.

"சார், வளைச்சுப் பாருங்க. வளைச்சாத்தானே தெரியும் ஒட்டிருக்கா இல்லையான்னு."

"அதுக்கு முன்னாடி கண்ணால பாக்கணும்மா. அதுதான் முதல் பரீட்சை. நீ அதைத் தேய்ச்சிட்ட."

"வளைக்கிறப்ப நீங்களும் தேய்ப்பீங்க இல்ல? துண்டு வெட்டி, வெல்டைத் தேய்ச்சிட்டுத்தானே வளைப்பீங்க? எனக்குத் தெரியாதா?"

"தேய்ப்போம்."

"அப்ப நான் தேய்ச்சா என்ன, நீங்க தேய்ச்சா என்ன?"

"நான் பாத்துட்டுத் தேய்ப்பேன்" என்றார் அவர். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் கோபம். "நீ தேய்ச்சா, நீ எதை மறைச்சேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் எதையும் மறைக்கல!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பெயின்ட் வேண்டுமா என்று கேட்டவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"ஃபெயில் போட்டுக்கோங்க சார். ஆனா வளைங்க. தோத்தாலும் எதுல தோத்தேன்னு எனக்குத் தெரியணும்."

அவருக்கு அது வேலை மிச்சம் இல்லை, கூடுதல் வேலை. "ரிசல்ட் மாறாது" என்றார்.

"மாற வேணாம்."

என் தட்டில் இரண்டு பட்டை வெட்டினார்கள். பிரஸ்ஸில் வைத்தார்கள். வெல்டு நடுவில் இருக்க, மேலிருந்து உருளை இறங்கும். பட்டை லாடம் மாதிரி வளையும். உள்ளே ஓட்டையோ கசடோ இருந்தால் வெளிப்பக்கம் வாய் பிளந்துவிடும். முதல் பட்டை மேல்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வளைந்தது. இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டாவது பட்டை அடிப்பக்கம் வெளியே தெரிய வளைந்தது. அதையும் பார்த்தார். நகத்தால் தடவினார்.

பிளவு இல்லை. ஒரு மயிரிழைகூட இல்லை.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அட்டையில் 'தள்ளுபடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு பட்டையை என் கையில் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது. "மூணு மாசம் கழிச்சு வாம்மா" என்றார்.

சைதாப்பேட்டை தாண்டும்வரை பஸ்ஸில் அவரை மனதுக்குள் திட்டினேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் தீர்ந்த பிறகு என்னைத் திட்டினேன். ஓட்டையை மறைக்கத் தேய்க்கிறவள் நான் இல்லை. ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்?

கணக்கு டீச்சர்

அம்மா கதவைத் திறந்தாள். "என்னாச்சு?"

"ஃபெயில்."

பட்டையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். அம்மா அதைத் தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்ததில் அவளுக்கு ஆச்சரியம். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது உடையலையே?"

"உடையல."

"உள்ள ஒட்டலையா?"

"ஒட்டியிருக்கு. வளைச்சும் ஒண்ணும் ஆகல."

"அப்ப ஏன் ஃபெயில்?"

சொன்னேன். கத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், கத்தித்தான் சொன்னேன். கடைசி அடுக்கைத் தேய்த்தது, அவர் பார்த்த பிறகு அவர்களே தேய்ப்பது, மூன்று மாசம் கழித்து வரச் சொன்னது, எல்லாம். அம்மா முழுக்கக் கேட்டாள். பட்டையை மேசையில் வைத்தாள்.

"அவர் செஞ்சது சரி" என்றாள்.

பட்டையை அவள் பக்கமே தள்ளினேன்.

"விடை சரியா இருக்கு. வழி எங்க?" என்றாள். "விடையை மட்டும் எழுதிட்டு வந்தா நானும் மார்க் போட மாட்டேன். பக்கத்துல பாத்து எழுதினவனும் அதே விடையைத்தானே எழுதுவான்?"

"நான் பாத்து எழுதலம்மா!"

"அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதில்ல?"

பிறகு சாப்பாடு போட்டாள். அதைப் பற்றி வேறு பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம், வந்தோம். பட்டை மட்டும் மேசையிலேயே இருந்தது. அம்மா தூசி தட்டும்போது அதைத் தூக்கி, அடியில் துடைத்து, மறுபடி அங்கேயே வைத்ததைப் பார்த்தேன்.

வாக்குக் கொடுத்தது நான். ஞாயிறு சாயங்காலம் பீரோவிலிருந்து பருத்திப் புடவை ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டேன். சிஸ்டரைப் பார்க்கப் போவதற்கு. பி.எட். முடித்தால் வேலை நிச்சயம், மே மாதம் லீவு, நிழலில் வேலை என்று ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் ஒட்டவில்லை.

திங்கட்கிழமை காலை புடவை கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அம்மா பள்ளிக்கூடம் போகத் தயாராகி, தோளில் பையோடு, போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"குட் மார்னிங் சிஸ்டர். ஃபிலோமினா பேசறேன். ஆமா சிஸ்டர், ஸ்டெல்லா விஷயமாத்தான். அந்த சீட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள்.

"இல்ல இல்ல, கல்யாணமெல்லாம் இல்ல. சனிக்கிழமை டெஸ்ட் எழுதினா. ஃபெயிலாயிட்டா. அதனாலதான்."

சிஸ்டருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. அம்மா வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்கிற குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"ஃபெயிலானா திரும்ப எழுதணும்ல சிஸ்டர்?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். என் புடவையை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இது எதுக்கு? நைலான் மாதிரி இருக்கே, பத்திக்கப் போகுது. போய் மாத்திட்டு வா, பட்டறைக்கு நேரமாகல?"

பருத்திதான் அது. நான் சொல்லவில்லை.